திராட்சை ரசமும் கித்துள் பாணியும்

மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுவைத் தமிழர் அறிந்தது இன்று நேற்றன்று. யவனர் மரக்கலங்களிற் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டிலே மோட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், அந்நாடுகளிலிருந்து மது நிரப்பி அனுப்பப்பட்ட இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு பழத்தின் சாறு நெடிய கடற்பயணத்தைத் தாங்கித் தமிழகத்துத் துறைமுகம் வரை வந்து சேர்ந்திருக்கின்றது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும் என்பதை நன்கறிந்த மக்களுக்கு இஃது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

இன்றும் அந்நாடுகளின் மது உலகெங்கும் செல்கின்றது. அது தனியே செல்வதில்லை. தான் பிறந்த ஊரின் பெயரையும் உடன் கொண்டு செல்கின்றது. இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் திராட்சைத் தோட்டங்கள் இல்லை. ஆனால் அங்கும் ஒரு மரத்தின் இனிய சாற்றை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. அது கித்துள் மரம். அதன் சாற்றிலிருந்து கிடைக்கும் பாணியும் கருப்பட்டியும் நாடெங்கும் விரும்பி உண்ணப்படுகின்றன. எனினும் கடைக்கு வரும் பாணிப் போத்தலில், அது எந்த மலைச்சாரலில் இறக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஊர்ப்பெயரைக் காண்பது அரிது. ஒன்றுக்கு ஊர்ப்பெயர் உண்டு. மற்றொன்றுக்கு அது வாய்க்கவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அதனால் யாருக்கு இழப்பு என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலில் திராட்சையின் நாட்டைப் பார்ப்போம். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலத்தில் மழை பெய்வது பெரும்பாலும் குளிர்காலத்திலேயாம். கோடை நீண்டது, வெயில் மிகுந்தது, வறண்டது. நெற்பயிருக்கு ஒவ்வாத இக்காலநிலை திராட்சைக் கொடிக்கு மிகவும் உகந்தது. கொடியின் வேர் கற்பாறை நிலத்திலும் ஆழச் சென்று, குளிர்கால மழை விட்டுச்சென்ற ஈரத்தைத் தேடிப் பருகும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடியைக் குடியானவர் கத்தரித்து விடுவர். இளவேனிலில் அது துளிர்க்கும். கோடையிற் காய் பருக்கும். செப்டெம்பர் மாதமளவில் பழம் அறுவடைக்கு வரும். வறண்ட வெயிலில் முதிரும் பழத்தில் சீனி செறிகின்றது. நன்கு பழுத்த திராட்சைச் சாற்றில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் சீனி இருப்பதுண்டு.

பிரான்சு நாட்டின் தென்கரை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. கி.மு. 600 அளவிலே, ஆசியா மைனரிலுள்ள போக்கேயா நகரத்துக் கிரேக்கர் அக்கரையில் மசாலியா என்னும் குடியேற்றத்தை நிறுவினர். அதுவே இன்றைய மார்செய் துறைமுகம். அக்கிரேக்கரே திராட்சைப் பயிர்ச்செய்கையை அந்நாட்டில் வேரூன்றச் செய்தனர். பின்னர் உரோமர் அதனை உள்நாட்டில் பரப்பினர். புறொவான்ஸ், லாங்டொக் என்னும் பகுதிகளில் இன்றும் குன்றுச் சரிவுகளெல்லாம் திராட்சை வரிசைகளாகவே காட்சியளிக்கின்றன.

கொடிக்கு வேண்டிய இக்குளிர்கால உறக்கம் வெப்பநாடுகளில் இயற்கையாய்க் கிடைப்பதில்லை. ஆயினும் மனித முயற்சி அதற்கு ஈடு செய்திருக்கின்றது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில், கத்தரிப்பதையே குளிர்காலத்துக்குப் பதிலாகக் கொண்டு, ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை பெறுகின்றனர். அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வூரின் பெயருக்கு அதனால் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

திராட்சைச் சாறு மதுவாவது எங்ஙனம்? பழத்தை நசுக்கியதும் மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிற் பெருகுகின்றது. அது சீனியை உண்டு, மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. இதுவே நொதித்தல். இஃது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரர் நிறுவினார். மது கெட்டுப்போவதும் வேறு நுண்ணுயிர்களாலேயே என்பதை அவர் கண்டு, அதனை மிதமாகச் சூடாக்கினால் அவை அழியும் என்று காட்டினார். பாலுக்கு இன்று செய்யப்படும் பாஸ்ரர் முறைக்கு மூலம் அந்த ஆராய்ச்சியே.

திராட்சை ரசம் நெடுங்காலம் கெடாதிருப்பதற்குக் காரணங்கள் பல. சாற்றில் இயல்பாகவே புளிப்பு மிகுதி. தீங்கு செய்யும் பற்றீரியாக்கள் பல அப்புளிப்பிற் பெருக மாட்டா. சீனி செறிந்திருப்பதால் நூற்றுக்கு 12 பங்கு அளவிலோ அதற்கு மேலோ மதுசாரம் உண்டாகின்றது. அதுவும் ஒரு காவல். பழத்தின் தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் மற்றொரு காவல். காற்றுப் புகாவண்ணம் பீப்பாயிலோ போத்தலிலோ அடைத்துவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒன்று உண்டு. திராட்சைச் சாறு பழத்தோலுக்குள் மூடப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றது. எந்த நாளிற் பறிப்பது என்பதைக் குடியானவர் ஓரளவு தாமே தீர்மானிக்கலாம். காத்திருக்கும் சாறு அது. ஒரே கொடி பல பத்தாண்டுகள் தொடர்ந்து பலன் தருவதால், ஒரே தோட்டம் தலைமுறை தலைமுறையாக ஒரே சுவையுள்ள மதுவைத் தரமுடிகின்றது. தோட்டத்தின் பெயர் மதுவின் பெயராக நிலைபெறுவதற்கு இந்த நிலைபேறே காரணம் எனலாம்.

இனி மாத்தளைக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ9 பெருந்தெருவிற் பயணஞ் செய்தோர் அம்மாவட்டத்தின் இயல்பை நன்கறிவர். தம்புள்ளையின் வறண்ட சமவெளியைக் கடந்து, நாவுல வழியாகத் தெற்கே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்கின்றது, பசுமை அடர்கின்றது. அலுவிகாரைப் பாறைகளைக் கடந்து மாத்தளை நகரை அடையுமுன்னரே மிளகுக் கொடியும், கொக்கோவும், கராம்பும், சாதிக்காயும் வீட்டுத் தோட்டங்களில் நெருங்கி வளர்வதைக் காணலாம். நகருக்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. இரத்தோட்டை, இலக்கலை முதலிய பகுதிகளின் கிராமங்கள் அம்மலைச் சாரலிலே அமைந்தவை. இக்கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களிலும் காட்டு ஓரங்களிலுமே கித்துள் மரம் வளர்கின்றது.

தமிழிலே கூந்தற்பனை என்று வழங்கும் மரமும் இதுவே. தாவரவியலார் இதனைக் கரியோத்தா யூரென்ஸ் என்பர். யூரென்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு எரிக்கின்ற என்பது பொருள். பழத்தின் சதையிலுள்ள நுண்ணிய ஊசிபோன்ற படிகங்கள் தோலிற் பட்டால் அரிப்பும் எரிவும் உண்டாவதால் இப்பெயர் ஏற்பட்டது. பனையைப் போலவும் தென்னையைப் போலவும் கிளையின்றி நெடிதுயர்ந்தாலும், இதன் இலை முற்றும் வேறானது. சிற்றிலைகளின் நுனி மீனின் வாலைப்போல் அகன்று கிழிந்திருக்கும்.

இம்மரத்தின் வாழ்க்கை விந்தையானது. பனையும் தென்னையும் பருவமடைந்தபின் பல பத்தாண்டுகள் பாளை தந்துகொண்டேயிருக்கும். கித்துள் அவ்வாறன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள், சில இடங்களில் அதனினும் கூடுதலாக, அது பாளையே விடாது வளர்ந்து, தண்டினுள்ளே மாப்பொருளைச் சேமிக்கின்றது. பின்னர் முதற்பாளை உச்சியில் தோன்றும். அடுத்தது அதற்குக் கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே. இவ்வாறு சில ஆண்டுகளில் மேலிருந்து கீழாகப் பூத்து முடிந்ததும் மரம் பட்டுப்போகின்றது. வாழ்நாளெல்லாம் சேமித்த செல்வத்தைக் கடைசிச் சில ஆண்டுகளில் முழுவதும் ஈந்துவிட்டு மடியும் மரம் அது.

பெரும்பாலான கித்துள் மரங்களை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. மரநாய் பழத்தைத் தின்று விதையை ஆங்காங்கே விட்டுச் செல்கின்றது. அது முளைத்து மரமாகின்றது. ஆதலால் திராட்சைத் தோட்டம்போல் வரிசை வரிசையாய் நிற்கும் கித்துள் தோட்டத்தைக் காண்பது அரிது. இங்கொன்றும் அங்கொன்றுமாய் நிற்கும் மரங்களைத் தேடிச் சென்றே தொழிலாளி சாறு இறக்குகின்றார்.

அத்தொழில் அரிய திறமையை வேண்டுவது. பாளை வெடித்து விரியுமுன்னரே அதன் மேலுறைகளை நீக்கி, உள்ளேயுள்ள பூங்கதிர்களை ஒன்றுசேர்த்துக் கட்டுவர். காம்பின் அடிப்பாகத்திற் சிறு துளை வெட்டி, அதில் ஒரு மருந்தை அடைத்துத் துணியாற் சுற்றுவர். மிளகு, மிளகாய், உள்ளி, உப்பு, சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றைப் பலவாறு கூட்டி அம்மருந்தைச் செய்வதுண்டு. சரியான கூட்டையும் அளவையும் ஒவ்வொரு குடும்பமும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் மறைபொருளாகவே காத்துவருகின்றது. மருந்தின் காரம் பாளையின் திசுக்களைத் தூண்டிச் சாறு பெருகச் செய்கின்றது. பூக்கள் மலர்வதையும் தடுக்கின்றது. அளவு மிஞ்சினாற் பாளை அழுகும். குறைந்தாற் சாறு வராது. எந்தப் பாளை எப்பருவத்தில் மருந்துக்கு ஏற்றது என்பதையும், அது மருந்தை ஏற்றுக்கொண்டதா என்பதையும் பழகிய கண்ணே கண்டறியும்.

சில நாள்கள் கழிந்தபின் பாளையின் நுனியைச் சீவி, அதன்கீழ் முட்டியைக் கட்டுவர். அன்றுமுதல் காலையும் மாலையும் மரமேறி, முட்டியை இறக்கி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, வேறு முட்டியை மாட்டவேண்டும். மழை நாளென்றும் திருநாளென்றும் அதற்கு விலக்கில்லை. ஒருநாள் தவறினால் வெட்டுவாய் அடைபட்டுச் சாறு குன்றும். ஒரு பாளை மாதக்கணக்கிற் சாறு தருவதுண்டு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே, சாதாரண கித்துள் மரம் ஒன்று நாளொன்றுக்கு 3 அல்லது 4 கலன் சாறு தரும் என்றும், அதனைத் தினமும் இருமுறை, நல்ல மரமாயின் மும்முறை, இறக்குவர் என்றும் எழுதியிருக்கின்றார். அச்சாற்றைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதையும் அவர் குறிப்பிட்டுள்ளார். பாரதத்துத் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் றொக்ஸ்பேர்க், மிகச் சிறந்த மரங்கள் ஒருநாளில் 100 பைந்து வரை தரும் என்று குறித்திருக்கின்றார். ஆனால் எல்லா மரமும் ஒரே அளவில் தருவதில்லை. மரமும், மண்ணும், மழையும், தொழிலாளியின் கைத்திறனும் அளவை மாற்றுகின்றன.

இனிமேலேதான் திராட்சைக்கும் கித்துளுக்குமுள்ள பெரும் வேறுபாடு தோன்றுகின்றது. கித்துட் சாறு பழத்தோலுக்குள் மூடப்பட்டதன்று. திறந்த வெட்டுவாயிலிருந்து துளித்துளியாகத் திறந்த முட்டியில் விழுவது. சிங்களத்தில் தெலிஜ்ஜ எனப்படும் அந்தப் புதுச்சாற்றிற் புளிப்பு மிகக் குறைவு, துவர்ப்பும் இல்லை. சீனியின் அளவும் திராட்சைச் சாற்றினும் குறைவு. ஆகவே காவலென்று சொல்லத்தக்கது எதுவும் அதனிடத்தில் இல்லை. வெப்பமான காற்றிலுள்ள மதுவமும் பற்றீரியாவும் முட்டியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணிநேரத்தில் நுரை எழும். ஒருநாளைக்குள் அது கள்ளாகும். உண்டாகும் மதுசாரமோ குறைவு. அதனால் தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாது. மேலும் விட்டால் புளித்து வினாகிரியாகிவிடும். காத்திருக்கும் சாறு திராட்சையினுடையது. காத்திராத சாறு கித்துளினுடையது.

எனவே மாத்தளைக் கிராமத்தவர் வளர்த்த கலை, மத்தியதரைக் கடலோரத்தவர் வளர்த்த கலைக்கு நேர்மாறானது. அங்குச் சாற்றை நன்றாக நொதிக்க விடுவதிலே திறமையெல்லாம் அடங்கியிருக்கின்றது. இங்குச் சாற்றை நொதிக்கவிடாமற் காப்பதிலே திறமையெல்லாம் அடங்கியிருக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பனைத்தொழிலாளர் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் இறக்குவதை நேயர்கள் அறிவர். கித்துள் இறக்குவோர், சிங்களத்தில் ஹல் என்று வழங்கும் மரத்தின் பட்டைத் துண்டை முட்டியில் இடுவதுண்டு. அப்பட்டையின் துவர்ப்பு நொதித்தலைத் தாமதிக்கச் செய்கின்றது. திராட்சைக்கு அதன் தோலே கொடுக்கும் துவர்ப்பை, இங்கு மனிதன் வேறொரு மரத்திலிருந்து கடன் வாங்கிக் கொடுக்கின்றான்.

அதன்பின் நெருப்பே துணை. முட்டி இறங்கியதும் வடிகட்டி, காலந்தாழ்த்தாது அடுப்பிலேற்றிக் காய்ச்சவேண்டும். இவ்வேலையிற் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது. ஆறு முதல் எட்டுப் பங்கு சாறு வற்றி ஒரு பங்கு பாணியாகின்றது. வற்றும்போது நுரையை நீக்கி, தீயை அளந்து எரித்து, அகப்பையிலிருந்து வழியும் இழையைப் பார்த்துப் பதமறிவர். மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டியாகும். தயிரிற் பாணி ஊற்றி உண்பதும், கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர் பருகுவதும் இலங்கையில் இனபேதமின்றி எல்லார்க்கும் பிரியமானவை. அந்த இனிமைக்குப் பின்னே, நாள்தோறும் இருமுறை உயிரைப் பணயம் வைத்து மரமேறும் ஒருவரும், புகையின் நடுவே அடுப்பருகில் நிற்கும் ஒருவரும் இருக்கின்றனர் என்பதை உண்போர் பலர் நினைப்பதில்லை.

இத்தொழில் மிகப் பழையது. கண்டி இராச்சியத்திலே அரண்மனைக்குக் கருப்பட்டி கொடுப்பதைக் கடமையாகக் கொண்ட குடியினரும் இருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் மாத்தளையின் மலைச்சாரல்கள் காப்பித் தோட்டங்களாயின; அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளிற் காப்பியை அழித்தது. பின்னர் கொக்கோவும், தேயிலையும், றப்பரும் வந்தன. பயிர்கள் இவ்வாறு மாறிமாறி வந்தபோதும், யாரும் நடாத கித்துள் காட்டோரத்திலே தன்பாட்டில் நின்றது.

அதனை ஒரு வகையிற் சட்டமும் தீண்டிற்று. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம், கள், சாராயம் ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் அரசாங்க அனுமதிக்கு உட்படுத்தியது. அதே ஆண்டில், நாடெங்கும் கள்ளுக்கடைகள் பெருகுவதை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. பின்னாளிலே நாட்டின் தலைவர்களாக விளங்கிய சிலர் அவ்வியக்கத்திலேயே முதன்முதலிற் பொதுவாழ்வுக்கு வந்தனர். குடியால் ஏழைக் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டவர்கள் அவ்வாறு எழுந்தது நியாயமே. ஆனால் கித்துள் இறக்குவோரின் நிலை இரண்டுங்கெட்டானாயிற்று. ஒரே முட்டியிலுள்ள சாறு காலையிற் பாணிக்குரிய இனிப்பு. அடுப்பேற்றத் தாமதித்தால் மாலையிற் கள். சட்டம் வகுத்த எல்லைக்கோட்டைச் சாறு தானாகவே தாண்டிவிடுகின்றது. உழைப்பாளிக்கு இதனால் ஏற்படும் சங்கடத்தை ஊகிப்பது எளிது.

மதுவுக்கு ஊர்ப்பெயர் கிடைத்த வரலாற்றை இவ்விடத்தில் நோக்குவது தகும். அது தானாகக் கிடைத்ததன்று. 1863ஆம் ஆண்டளவிலே பிலொட்செரா என்னும் சிறு பூச்சி தென்பிரான்சின் திராட்சைகளைத் தாக்கத் தொடங்கியது. அது வேரை உண்ணுகின்றது என்பதை 1868இற் கண்டறிந்தனர். பின்னர், அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டி நாட்டினர். இடைக்காலத்தில் மதுவுக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததால், சீனியும் தண்ணீரும் உலர்ந்த திராட்சையும் கலந்து போலி மது செய்யும் வழக்கம் பெருகிற்று. ஒட்டிய கொடிகள் தழைத்து விளைச்சல் திரும்பிய பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை. நல்ல மது தேங்கிக் கிடந்தது, விலை வீழ்ந்தது, குடியானவர் கடனாளியாயினர்.

1907ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், லாங்டொக் பகுதியின் ஆர்ஜெலியே என்னும் சிற்றூரிலிருந்து 87 திராட்சைக் குடியானவர் நார்போன் நகருக்கு நடந்து சென்று முறையிட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மார்சலென் அல்பேர் என்னும் எளிய மனிதர். வாரந்தோறும் கூட்டம் பெருகிற்று. யூன் 9ஆம் நாள் மொன்பெலியே நகரிற் கூடியவர்கள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர் எனக் கணிக்கப்பட்டது. அதே மாதத்தில் நார்போனிற் படையினர் சுட்டதிற் சிலர் உயிரிழந்தனர். மாதம் முடியுமுன் சட்டம் வந்தது. விளைந்த மதுவின் அளவை ஒவ்வொரு குடியானவரும் அறிவிக்கவேண்டும். மதுவிற் சேர்க்கும் சீனிக்குத் தனிவரி என்றெல்லாம் விதிக்கப்பட்டது. 1935இல் மேலும் ஒரு சட்டத்தால், இன்ன ஊரின் பெயரை இன்ன நிலத்தில், இன்ன முறையிற் செய்த மதுவுக்கே இடலாம் என்ற ஒழுங்கு நிறுவப்பட்டது. 1936இல் அவ்வுரிமையை முதன்முதலிற் பெற்றவற்றுள் காசீ, தவேல், சாத்தோநெவ்-து-பாப் ஆகிய தென்னாட்டு ஊர்கள் அடங்கும்.

ஆகவே போத்தலிற் பொறித்த ஊர்ப்பெயர் வெறும் அலங்காரமன்று. அது போலிக்கு எதிராக உழைப்பாளர் போராடிப் பெற்ற காப்பு. அந்தப் போராட்டத்தின் மூலகாரணம் சீனிக் கலப்படம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில் கித்துள் பாணிக்கு இன்று நேர்ந்திருக்கும் தீங்கும் அதுவே.

கரும்புச் சீனியைக் கரைத்துக் காய்ச்சி, நிறமும் மணமும் சிறிது ஊட்டிக் கித்துள் பாணியென்று விற்பது எளிது. செலவோ மிகக் குறைவு. மரமேறுபவரின் பாணியும் சீனிப்பாணியும் கடையில் அருகருகே நிற்கும்போது, வாங்குவோர் விலையைப் பார்ப்பர். நாவினால் மட்டும் உறுதியாய் அறிவது எல்லார்க்கும் இயலாது. மெய்யான பாணி அதற்குரிய விலை பெறாதபோது மரமேறுவதற்கு யார் முன்வருவர்? தந்தையின் கத்தியை எடுக்க மகன் தயங்குகின்றான். வழுக்கும் மரத்திலிருந்து விழுந்து முடமானோரையும் உயிரிழந்தோரையும் அவன் அறிவான். நகரத்து வேலையில் ஆபத்துக் குறைவு. மாத வருமானமும் உறுதி. அவனைக் குறைகூற முடியாது. ஆனால் அவன் விலகும்போது, எழுத்தில் இல்லாத மருந்துக் கூட்டும், பாளையின் பருவமறியும் கண்ணும் அத்தந்தையோடு மறைந்துவிடுகின்றன. திராட்சைக் கொடி அழிந்தபோது வேறு வேர்த்தண்டில் ஒட்டி மீட்க முடிந்தது. மறைந்த கைத்திறனை ஒட்டி வளர்க்க வேர்த்தண்டு கிடையாது.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க அறிவியல் வழி காட்டுகின்றது. தாவரங்கள் காற்றிலிருந்து காபனைப் பெறுவதில் இரண்டு முக்கிய வகை உண்டு. கரும்பும் சோளமும் ஒரு வகை. கித்துள், தென்னை, பனை போன்ற மரங்கள் மற்றொரு வகை. காபனின் கனத்த சமதானிக்கும் இலேசான சமதானிக்கும் இடையிலுள்ள விகிதம் இவ்விரு வகைகளில் வேறுபடுகின்றது. அச்சுவடு காய்ச்சினாலும் அழியாது. ஆகவே பாணியிற் கரும்புச் சீனி கலந்திருப்பதை ஆய்வுகூடத்தில் அளந்து சொல்லலாம். தேனிற் கரும்புச் சீனி கலப்பதைப் பிடிக்க உலகிற் பல நாடுகள் கையாளும் முறையும் இதுவே.

சட்டத்தின் வழியும் திறந்தே இருக்கின்றது. 2022ஆம் ஆண்டிலே இலங்கைக் கறுவா, ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. இலங்கையிற் பிறந்த பொருளுக்கு அங்கு இவ்வகையான காப்பு கிடைத்தது அதுவே முதல்முறை. அதே வழியில் மலைநாட்டுக் கித்துள் பாணிக்கும் ஊரின் பெயரைச் சட்டத்தாற் காக்க முடியும். அதற்குச் சில முன்வேலைகள் தேவை. எந்த எல்லைக்குள் இறக்கிய சாறு, எவ்வாறு காய்ச்சியது, எவ்வளவு செறிவுள்ளது என்பன வரையறுக்கப்படவேண்டும். சிதறி வாழும் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து தம் பாணியைக் கணக்கிலிட்டு அறிவிக்கவேண்டும். 1907இல் லாங்டொக் குடியானவர் செய்ததும் இதுவே; முதலில் ஒன்றுசேர்ந்தனர், பின்னர் கணக்குக் கொடுத்தனர், அதன்பின்னரே பெயர் கிடைத்தது.

இன்னொரு வேலையும் உண்டு. நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆறுகளின் ஊற்றுக்கண்ணான அக்காட்டைக் காப்பது இன்றியமையாதது. எனவே காட்டையே நம்பியிராமல், வீட்டுத் தோட்டத்து மிளகுக்கும் கராம்புக்கும் இடையே கித்துள் நாற்றை நடுவது நல்வழி. பலன்பெறப் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்பதால் பலர் பின்வாங்குகின்றனர். ஆனால் ஆண்டுதோறும் சில நாற்றுகளை நட்டுவந்தால், முதல் மரம் பாளைவிட்ட பின்னர் ஆண்டுதோறும் புதிய மரம் பாளைக்கு வந்துகொண்டேயிருக்கும். ஒருமுறையே பூத்து மடியும் மரத்தையும் இவ்வாறு நிலையான தோட்டமாக்கலாம். உயரத்திற் பணிபுரிவோர் இடுப்பிற் கட்டும் பாதுகாப்புப் பட்டியைக் கித்துள் ஏறுவோரும் அணிந்தால் ஆபத்தும் குறையும்.

வாங்குவோருக்கும் இதிற் பங்குண்டு. மலிவான பாணியைக் கண்டதும் மகிழ்வதற்கு முன், ஒரு போத்தல் பாணிக்கு ஆறு முதல் எட்டுப் போத்தல் சாறும், அதற்குரிய விறகும், இருமுறை மரமேறலும் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்கணக்குக்குப் பொருந்தாத விலையிற் கிடைப்பது மரத்திலிருந்து வந்திருக்க முடியாது. மாத்தளையிலோ கண்டியிலோ தெருவோரக் கடையிற் பாணி வாங்குவோர், இஃது எந்த ஊரிற் காய்ச்சியது, யார் இறக்கியது என்று கேட்கத் தொடங்குவார்களாயின், விற்போரும் அதனைச் சொல்லக் கடமைப்படுவர். கித்துள் பாணி தனக்குரிய ஊர்ப்பெயரைப் பெறுவதற்கு அக்கேள்வியே நல்ல தொடக்கமாகும்.